ப்ரீ-கிளினிக்கலைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

கேள்வி: வணக்கம் சார். நான் கிர்கிஸ்தானில் எம்பிபிஎஸ் முடித்தவள். சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இந்தியாவில் பதிவு பெற எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டேன். முதல் முறை 131, இரண்டாம் முறை 142. அடுத்த தேர்வுக்கு ஐந்து மாதம் இருக்கிறது. 19 பாடங்களுக்கும் வீடியோ லெக்சர் இரண்டு முறை பார்த்தாயிற்று. பார்க்கும்போது எல்லாம் புரிகிறது, பத்து நாள் கழித்து ஒன்றும் நிற்பதில்லை. “அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி என்ற ப்ரீ-கிளினிக்கல் பாடம் மூன்றையும் தூக்கிப் போடு, கிளினிக்கல் 200 மார்க்கைப் பிடி” என்கிறார் ஒரு சீனியர் அக்கா. கோச்சிங்கிலோ எதையும் விடக்கூடாது என்கிறார்கள். அக்கா கொடுத்த 2022ஆம் வருட நோட்ஸைத்தான் வைத்திருக்கிறேன். இதற்கு நடுவில் ஊரில் ஒரு நர்சிங் ஹோமில் நைட் டியூட்டி பார்க்கக் கூப்பிடுகிறார்கள். அப்பா வாங்கிய கல்விக் கடனுக்கு வட்டியாவது கட்டலாமே என்று தோன்றுகிறது. என்ன செய்யட்டும்?

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா. அந்த நைட் டியூட்டிக்குப் போகாதீர்கள். பதிவு எண் கிடைக்கும்வரை நீங்கள் இந்தியாவில் நோயாளிக்கு மருந்து எழுத முடியாது. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 34ஆம் பிரிவு, இதற்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. கூப்பிடுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். “சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், ஏதாவது என்றால் பெரிய டாக்டருக்கு போன் போடு” என்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சுவலியோடு ஒருவர் வந்து விபரீதமாகிவிட்டால், கேஸ் ஷீட்டில் இருப்பது உங்கள் கையெழுத்துதான். வட்டிக்குப் பணம் வேண்டுமென்றால், நீட் எழுதும் பிள்ளைகளுக்கு உயிரியல் ட்யூஷன் எடுங்கள். மாலையில் இரண்டு மணி நேரம் போதும். பதினோராம் வகுப்பு உடலியங்கியலை இன்னொருவருக்கு விளக்கிச் சொன்னால் உங்களுக்கே அது ரிவிஷன்.

சரி, தேர்வுக்கு வருவோம்.

142 என்றால் தேர்ச்சிக்கு வேண்டிய 150-க்கு இன்னும் எட்டு மார்க்தானே என்று வீட்டில் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள் என்று கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. அந்த 142-ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். மொத்தம் 300 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை, தவறுக்கு மார்க் குறைப்பதில்லை. அதனால் தெரியாத கேள்விக்கும் எல்லோரும் ஏதோ ஒன்றைக் குறித்துவிட்டுத்தான் வருகிறார்கள். குறிக்கத்தான் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் நாலில் ஒன்று சரியாகும். அந்தக் கணக்குப்படி 142 வாங்கியவருக்கு உறுதியாகத் தெரிந்த கேள்வி ஏறத்தாழ 90. மீதி 210-இல் கால் பங்கு, அதாவது 52, 53 மார்க், தானாக விழுந்தது. நிஜத்தில் யாரும் முழுக்கக் கண்ணை மூடிக் குறிப்பதில்லை, இரண்டு விடையைத் தள்ளிவிட்டு மிச்ச இரண்டில் ஒன்றைப் பிடிப்போம். அதையும் சேர்த்தால் உறுதியாகத் தெரிந்தது இன்னும் குறைவாகத்தான் வரும்.

இதில் அதிர்ஷ்டத்தால் மட்டும் ஆறு ஏழு மார்க் மேலேயும் போகும், கீழேயும் போகும். ஆகவே 150-ஐக் குறிவைத்துப் படிப்பது பூவா தலையா போட்டுப் பார்ப்பதுதான். கிராண்ட் டெஸ்ட் எனும் முழு நீள மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து 170, 175 வரும் அளவுக்குத் தயாராக வேண்டும். அதற்கு உறுதியாகத் தெரிந்த கேள்விகள் 90-இலிருந்து 130 பக்கம் போக வேண்டும். ஐந்து மாதத்தில் நாற்பது கேள்வி கூடுதலாக வேண்டும். நடக்கக்கூடிய காரியம்தான். ஆனால் மூன்றாவது முறை அதே வீடியோவைப் பார்த்தால் நடக்காது.

இந்த நாற்பதை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் உங்கள் அக்காவோடு எனக்குக் கருத்து வேறுபாடு. அவர் சொல்லும் கணக்கு சரியானதுதான். அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி ஒவ்வொன்றுக்கும் 17, ஆக 51. பேத்தாலஜி, மைக்ரோபயாலஜி, ஃபார்மகாலஜி ஒவ்வொன்றுக்கும் 13, ஃபோரென்சிக் எனும் சட்ட மருத்துவம் 10. இவை ஏழும் சேர்ந்து 100. மருத்துவமும் அதன் கிளைகளும் 48, அறுவை சிகிச்சையும் கிளைகளும் 47, மகப்பேறு 30, சமூக மருத்துவம் 30, குழந்தை மருத்துவம், கண், காது-மூக்கு-தொண்டை தலைக்குப் பதினைந்து. இவை 200. முதல் 51-ஐ முழுசாகக் கைவிட்டாலும் கையில் 249 இருக்கிறது, அதில் 150 எடுத்தால் போதும் என்கிறார். ஆனால் கைவிட்ட 51-இல் யூகத்தில் வருவது பன்னிரண்டு பதிமூன்றுதான். மீதியை அடைக்க மற்ற பாடங்களில் எவ்வளவு ஏற வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. தேர்வில் மருத்துவக் கேள்வி என்று வருவதில் பாதி, நோயாளிக்கு வேஷம் கட்டி அனுப்பிய பிசியாலஜி. (நான் பல வருஷம் பிசியாலஜி எடுத்தவன், என் சாய்வு எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.) ஒரே ஒரு உதாரணத்தை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் படிக்கும் முறையை எப்படி மாற்ற வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, சிறுநீரகத்தில் சிறுநீரை உருவாக்கும் நுண்குழாயான நெஃப்ரானை வரையுங்கள். அழகாக வேண்டாம், ஒரு வளைந்த குழாய் போதும். அதில் நாலு இடத்தைக் குறியுங்கள்: முதல் சுருள் குழல், ஹென்லே வளைவின் தடித்த ஏறு பகுதி, கடைசிச் சுருள் குழல், சேகரிப்புக் குழல்.

முதல் இடத்தில் சோடியத்தில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப எடுக்கப்படுகிறது. குளுக்கோஸ் அநேகமாக முழுசும் இங்கேதான் திரும்புகிறது. ரத்தத்தில் சர்க்கரை 180 மில்லிகிராமைத் தாண்டும்போது இந்த இடத்தால் சமாளிக்க முடியாமல் சிறுநீரில் சர்க்கரை இறங்குகிறது. அந்தக் கடத்தியை வேண்டுமென்றே அடைத்தால்? அதுதான் டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மருந்து. பைகார்பனேட்டும் பெரும்பகுதி இங்கேதான் மீள்கிறது. அதற்கு வேண்டிய கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதியை அடைப்பது அசிட்டசோலமைடு. பைகார்பனேட் சிறுநீரோடு போய்விடுவதால் ரத்தம் அமிலப் பக்கம் சாய்கிறது, ஆனால் ஆனியன் கேப் இயல்பாகவே இருக்கிறது. அந்த அமிலத்தன்மை மூச்சைத் தூண்டிவிடும் என்பதால்தான் மலை ஏறுகிறவர்களுக்கு இந்த மாத்திரையைக் கொடுக்கிறோம். நீங்கள் படித்ததே மலைநாடு, இந்த மாத்திரையை அங்கே கடையில் பார்த்திருப்பீர்கள். கிளாக்கோமாவுக்கும் இதே மாத்திரை, இதே நொதி, உறுப்பு மட்டும் கண்.

இரண்டாம் இடத்தில் சோடியம், பொட்டாசியம், இரண்டு குளோரைடு சேர்ந்து போகும் கடத்தி. அதை அடைப்பது ஃபுரோசமைடு என்ற சிறுநீர்ப் பெருக்கி மருந்து. கால்சியமும் மெக்னீசியமும் இந்த இடத்தில் மின்னழுத்தத்தால் தள்ளப்பட்டு உள்ளே போகின்றன, கடத்தி நின்றால் அதுவும் நிற்கும். அதனால் ஃபுரோசமைடு கொடுத்தால் சிறுநீரில் கால்சியம் கூடும். பிறவியிலேயே இந்த இடம் பழுதானால் பார்ட்டர் நோய்க்குறி. பார்ட்டர் என்றால் ஆயுள் முழுக்க ஃபுரோசமைடு சாப்பிடும் குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் இடத்தில் சோடியம்-குளோரைடு கடத்தி, அடைப்பது தயாசைடு வகைச் சிறுநீர்ப் பெருக்கி. இங்கே கால்சியம் தலைகீழ், உடம்பிலேயே தங்கிவிடும். சிறுநீரில் கால்சியம் குறைவதால்தான் கால்சியம் கல் திரும்பத் திரும்ப வருபவர்களுக்குத் தயாசைடு. இந்த இடம் பிறவியில் பழுதானால் கிட்டெல்மேன் நோய்க்குறி.

நாலாவது இடத்தில் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனின் ஆட்சி. சோடியம் உள்ளே வரும், பொட்டாசியமும் ஹைட்ரஜனும் வெளியே போகும். மேலே உள்ள இடங்களில் சோடியத்தைத் தடுத்தால் அது இங்கே வந்து குவியும். வந்த சோடியத்தை எடுத்துக்கொண்டு இந்த இடம் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். ஃபுரோசமைடு, தயாசைடு இரண்டிலும் பொட்டாசியம் ஏன் இறங்குகிறது, ரத்தம் ஏன் காரப் பக்கம் போகிறது என்று தனியாக மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை. இங்குள்ள சோடியம் வாசல் பிறவியிலேயே திறந்தபடி இருந்துவிட்டால் லிடில் நோய்க்குறி. ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், ஆல்டோஸ்டிரோனோ குறைவாக இருக்கும். அதற்கு ஸ்பைரனோலாக்டோன் வேலை செய்யாது, அமிலோரைடு வேலை செய்யும். ஒன்று ஆல்டோஸ்டிரோனின் ஏற்பியை அடைப்பது, மற்றது வாசலையே அடைப்பது. லித்தியம் சாப்பிடும் மனநல நோயாளி ஒரு நாளைக்குக் குடம் குடமாகச் சிறுநீர் போகிறார் என்றால், லித்தியம் இதே வாசல் வழியாக உள்ளே நுழைந்து, நீரைத் திரும்ப எடுக்கவைக்கும் ஏடிஎச் ஹார்மோனை வேலை செய்யவிடாமல் கெடுத்திருக்கிறது. அதற்கும் அமிலோரைடு கைகொடுக்கும்.

இப்போது இந்தக் கேள்வியைப் பாருங்கள். பதினாறு வயதுப் பெண், கை கால் சோர்வு, தசைப்பிடிப்பு, ரத்த அழுத்தம் இயல்பு, பொட்டாசியம் குறைவு, மெக்னீசியம் குறைவு, சிறுநீரில் கால்சியம் குறைவு. எந்த இடத்தில் கோளாறு? சிறுநீரில் கால்சியம் குறைவு என்ற ஒரு வரியே மூன்றாம் இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. கிட்டெல்மேன் என்ற பெயரே மறந்துபோனாலும் “தயாசைடு வேலை செய்யும் இடம்” என்று விடையைத் தொட்டுவிடலாம்.

இந்த ஒரு தாளில் பிசியாலஜி, ஃபார்மகாலஜி, மருத்துவம், குழந்தை மருத்துவம், கண், மனநலம், சிறுநீரகக் கல் எல்லாம் வந்துவிட்டன. நீங்கள் 19 பாடமாகப் படித்தபோது இதே விஷயங்கள் ஏழு வீடியோக்களில், ஏழு வெவ்வேறு வாரங்களில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வந்திருக்கும். அதனால்தான் நிற்கவில்லை. உங்கள் நினைவாற்றலில் ஒரு கோளாறும் இல்லை.

ஆகவே மூன்றாம் சுற்றை உறுப்பு மண்டலம் வாரியாக வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் என்றால் அதன் அமைப்பு, இயக்கம், நோயியல், மருந்து, மருத்துவம், குழந்தைகளுக்கு வருவது, அறுவை சிகிச்சையில் வருவது என்று எல்லாவற்றையும் அதே வாரத்தில் முடியுங்கள். வீடியோவை முழுதாக ஓட விடாதீர்கள். கேள்வியில் இடறிய இடத்துக்கு மட்டும் போய்ப் பத்து நிமிஷம் பாருங்கள்.

இதயத்திலும் இப்படி ஒரு தாள் இருக்கிறது. உட்கார்ந்து குந்தினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் கூடும், உடம்பின் ரத்தக்குழாய் எதிர்ப்பும் கூடும். இந்த ஒரு வரியில் இரண்டு விடை இருக்கிறது. தடித்த இதயத்தசை நோயில் குந்தினால் முணுமுணுப்புச் சத்தம் குறைவது ஏன்? இடது வெண்ட்ரிக்கிள் நிரம்பி, அடைத்துக்கொண்டிருந்த வழி விரிகிறது. ஃபாலோ நால்வகைக் கோளாறு உள்ள குழந்தை ஓடிவிட்டு நீலம் பாரித்துக் குந்திக்கொள்வது ஏன்? உடம்பு பக்கம் எதிர்ப்பு கூடினால், வலதிலிருந்து இடதுக்குத் தப்பி ஓடும் அசுத்த ரத்தம் குறைந்து நுரையீரலுக்குப் போகும்.

பயோகெமிஸ்ட்ரியில் மாணவர்கள் செய்யும் வீண்வேலை, சுழற்சிகளின் ஒவ்வொரு படியையும் உருப்போடுவது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் நொதி எது, எந்த நொதி இல்லாவிட்டால் என்ன நோய், எந்த வைட்டமின் எங்கே துணை, இந்த மூன்றைப் பிடித்தால் பதினேழில் பெரும்பாலானவை கைக்கு வரும். இதிலும் நோயாளியிலிருந்து பின்னோக்கிப் போங்கள். வைவாக்ஸ் மலேரியாவுக்குப் பிரைமாகுயின் கொடுத்த மூன்றாம் நாள் ஒரு இளைஞன் மஞ்சள் கண்ணோடும் கறுத்த சிறுநீரோடும் வருகிறான். ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு. அந்த நொதி வேலை செய்யும் எச்எம்பி வழித்தடம் நின்றால் என்ஏடிபிஎச் இல்லை, அது இல்லாவிட்டால் குளூட்டாதயோன் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாது, ஆக்சிஜனேற்றத்தைத் தாங்க முடியாமல் சிவப்பணு உடைகிறது. ஸ்லைடில் ஹைன்ஸ் துகளும், கடித்தெடுத்தது போன்ற செல்லும். எக்ஸ் குரோமோசோம் வழி வருவதால் பெரும்பாலும் ஆண்கள். மெத்ஹீமோகுளோபினீமியாவுக்கு மெத்திலீன் புளூ கொடுக்கும் முன் ஏன் இதே நொதியைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பதும் இதிலேயே வந்துவிடுகிறது. அந்தச் சாயம் வேலை செய்யவே என்ஏடிபிஎச் வேண்டும்.

அனாடமி மட்டும் வேறு மாதிரி. அதைப் புரிந்துகொண்டு படிப்பதற்கு ஓர் எல்லை உண்டு, கொஞ்சம் உருப்போடத்தான் வேண்டும். ஆனால் முழு உடம்பையும் உருப்போட உங்களுக்கு நேரமில்லை. நரம்புக் காயங்கள், மண்டை நரம்புகள், மூளைத்தண்டு, இதயத்துக்கும் குடலுக்குமான ரத்த ஓட்டம், இடுக்குக் கால்வாய், கருவளர்ச்சியில் தொண்டை வளைவுகள், இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். பிரேக்கியல் பின்னல் தெரிந்தால் எலும்புக் கேள்வியும் மகப்பேறு கேள்வியும் கூடவே வரும். பிரசவத்தில் தோள் சிக்கிப் பிறந்த குழந்தைக்கு சி5, சி6 நரம்பு வேர்கள் போனால் கை போலீஸ்காரர் லஞ்சம் வாங்கும் நிலையில் தொங்கும். மேற்கை எலும்பின் கழுத்து உடைந்தால் ஆக்சிலரி நரம்பு, நடுத்தண்டு உடைந்தால் ரேடியல் போய் மணிக்கட்டு தொங்கும், உள்பக்க முழங்கை முண்டில் அடிபட்டால் அல்னார் போய் மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்கும். தொழுநோயில் அல்னார் தடிப்பதும் அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான். படங்களைப் பார்த்துப் படியுங்கள், எக்ஸ்ரே, ஸ்லைடு என்று தேர்வில் படம் வைத்தே நிறையக் கேட்கிறார்கள்.

இனி, பத்து நாளில் மறப்பது பற்றி. வீடியோ பார்க்கும்போது புரிவது சொல்பவரின் தெளிவு. அது உங்கள் நினைவில் ஏறிவிட்டதா என்பது வேறு சங்கதி. 2006-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு சாரார் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள், இன்னொரு சாரார் ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் நன்றாக முந்தினார்கள். இதில் முக்கியமானது முதல் பாதி. திரும்பப் படித்தவுடன் “வந்துவிட்டது” என்ற திருப்தி கிடைக்கிறது, அது பொய்யும் இல்லை, ஒரு வாரம் தாங்காது, அவ்வளவுதான். உங்கள் தேர்வு ஐந்து மாதம் கழித்து.

அதனால் ஒரு பகுதியை முடித்தவுடன் நோட்ஸை மூடிவிட்டு வெற்றுத்தாளில் வரையுங்கள், எழுதுங்கள். பாதிதான் வரும், எரிச்சலாக இருக்கும். வராத பாதியை மட்டும் சிவப்பு மையில் நிரப்புங்கள். மறுநாள் காலை, அப்புறம் நாலைந்து நாள் கழித்து, அப்புறம் இரண்டு மூன்று வாரம் கழித்து அதே தாளைத் திரும்ப வரைந்து பாருங்கள். சிவப்பு குறைந்துகொண்டே வருவது கண்ணுக்குத் தெரியும்.

கியூ-பேங்க் எனும் கேள்வி வங்கியைப் பரிட்சையாக நினைக்காமல் பாடமாக நடத்துங்கள். ஒரு நாளைக்கு 200 கேள்வி போட்டேன் என்று பெருமையாகச் சொல்லும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஐம்பது போட்டுவிட்டு அந்த ஐம்பதையும் பிரித்து மேய்ந்தால் அதைவிட லாபம். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் காரணம் ஒரு சொல்லில் எழுதுங்கள். தெரியவே தெரியாது, தெரிந்தும் நினைவு வரவில்லை, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, இந்த மூன்றில் ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும். முதல் வகைக்குப் படிப்பு வேண்டும். இரண்டாம் வகைக்கு வெற்றுத்தாள். மூன்றாம் வகை நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக இருக்கும் என்பது என் ஊகம், ஏனென்றால் ஒவ்வொரு பகுதியிலும் 150 நிமிஷத்தில் 150 கேள்வி. “இவற்றுள் எது அல்ல” என்பதில் கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டு விடை குறிப்பவர்கள் ஏராளம். கேள்வியின் கடைசி வரியை முதலில் படித்துவிட்டு அப்புறம் நோயாளியின் கதைக்குப் போகும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள்.

சரியாகப் போட்ட கேள்விகளிலும் யூகத்தில் போட்டவற்றுக்கு நட்சத்திரக் குறி வையுங்கள். மேலே சொன்ன 90-130 கணக்கை வாராவாரம் அளக்க அதுதான் வழி. டெஸ்டில் 160 வந்து அதில் நட்சத்திரம் அறுபது என்றால் சந்தோஷப்பட அவசரம் வேண்டாம்.

பழைய கேள்விகள் என்று சுற்றிவருபவற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தேர்வு வாரியம் கேள்வித்தாளை வெளியிடுவதில்லை. கையில் கிடைப்பதெல்லாம் எழுதி வந்தவர்கள் நினைவிலிருந்து சொன்னவை. எந்தத் தலைப்பில் அடிக்கடி கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவை நல்லவை. விடையை அப்படியே நம்பாதீர்கள், ஏன் அந்த விடை என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால் அதைத் தள்ளி வையுங்கள்.

சமூக மருத்துவத்தையும் சொல்லாமல் விட முடியாது. வெளிநாட்டில் படித்த பிள்ளைகள் பலரும் அதிகம் விடுவது இந்த முப்பதில்தான், ஏனென்றால் அங்கே சொல்லிக்கொடுப்பது அந்த நாட்டுச் சுகாதார அமைப்பை. இந்தியாவின் தடுப்பூசி அட்டவணை, காசநோய்த் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையத்தின் அடுக்குகள், நோய்ப் பரிசோதனைகளின் உணர்திறன், குறிப்புத்திறன் கணக்குகள், இவை எல்லாம் நேரடி மார்க். கடைசி இரண்டு மாதத்தில் தினம் ஒரு மணி நேரம் இதற்கென்று ஒதுக்குங்கள். அடிப்படை அறிவியலைப் போல இதில் ஆழமான காரணம் தேட வேண்டாம், சமீபத்திய பதிப்பு எது என்று மட்டும் பாருங்கள். 2023 ஜனவரியிலிருந்து ஒன்பதாம் மாதத்தில் மூன்றாவது போலியோ ஊசி சேர்ந்திருக்கிறது, உங்கள் கையிலுள்ள 2022 நோட்ஸில் இரண்டுதான் இருக்கும்.

கோச்சிங்கில் எதையும் விடாதே என்பதும் நடைமுறைக்கு ஒத்துவராது. கதிரியக்கச் சிகிச்சைக்கு ஐந்து மார்க். அதற்கு ஒரு வாரம் செலவழிப்பதைவிட ஒரு மாலைப்பொழுதில் தலைப்புகளைப் புரட்டிவிட்டு நகரலாம். தோல், மனநலம், மயக்கவியல் இவற்றுக்கும் ஐந்துதான், ஆனால் இவை மற்றப் பாடங்களோடு ஒட்டி வருவதால் தனியே உட்கார வேண்டிய அவசியம் குறைவு.

எஃப்எம்ஜிஇ-க்குப் பதிலாக நெக்ஸ்ட் தேர்வு வந்தால் எல்லாம் மாறிவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அதைப் பற்றிய பேச்சு 2019 சட்டத்திலிருந்து நடக்கிறது. கையிலிருக்கும் தேர்வுக்குப் படியுங்கள். அது வந்தாலும் நெஃப்ரான் அதே நெஃப்ரான்தான்.

இந்த வாரம் புதிய பாடம் எதையும் தொடாதீர்கள். முழு நீளக் கிராண்ட் டெஸ்ட் ஒன்றை, தேர்வு போலவே காலையில் 150, இடைவேளை விட்டு மறுபடி 150 என்று எழுதுங்கள். நட்சத்திரக் குறிகளோடு, தவறிய காரணங்களோடு, எந்த உறுப்பு மண்டலத்தில் அதிகம் தவறியது என்று பிரித்துப் பாருங்கள். அதிகம் தவறிய மண்டலத்திலிருந்து தொடங்குங்கள், அகர வரிசைப்படி அல்ல. அந்தக் கணக்கை எனக்கு அனுப்பினால் அடுத்த மாதத்துக்கு என்ன வரிசை என்று சேர்ந்து பார்க்கலாம். அப்பாவிடமும் அதே எண்ணைக் காட்டுங்கள். “படிக்கிறேன்பா” என்பதைவிட, நட்சத்திரம் போக எவ்வளவு என்ற எண் வாராவாரம் ஏறுவதைப் பார்த்தால் அவருக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

பின்குறிப்பு: அந்த 2022 நோட்ஸில் ஃபோரென்சிக் பகுதியைக் கிழித்தே போட்டுவிடலாம். 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டம், நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் போய், பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதிநியம் வந்துவிட்டன. போலீஸ் நடத்தும் மரண விசாரணைக்குப் பிரிவு 174 இல்லை, இப்போது 194. கொலைக்குத் தண்டனை 302 இல்லை, 103. அலட்சியத்தால் மரணம் 304ஏ இல்லை, 106. அதில் சிகிச்சையின்போது நேர்ந்தால் பதிவுபெற்ற மருத்துவருக்கு இரண்டாண்டு வரை, மற்றவர்களுக்கு ஐந்தாண்டு வரை சிறை. கொடுங்காயத்தின் விளக்கம் 320-இலிருந்து 116-க்குப் போனதோடு, இருபது நாள் என்றிருந்தது பதினைந்து நாளாகக் குறைந்திருக்கிறது. பத்து மார்க் பாடம், இரண்டு நாள் வேலை. புதிய எண்களோடு ஒரு தாள் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.